பெண்ணுரிமைப் பந்தியில் யாருக்கு இடம்?

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பச்சையப்பன் ஆடவர் கல்லூரி மைதானத்தில் நடந்த அவ்விழாவிலிருந்து, தமிழகமெங்கும் ஒரு கோடியே ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கும் பணி ஆரம்பமாயிற்று. 'குடும்பத் தலைவி' என்பவர் யார் என்பதை அத்திட்டத்தின் விதிமுறைகள் விரிவாகவே வரையறுத்தன. திருமணமாகாத தனித்த பெண்களும் கைம்பெண்களும் தத்தம் குடும்பத்துக்குத் தலைமை தாங்கினால் அவர்களும் குடும்பத் தலைவியரே எனக் கூறிய அவ்விதி, அதே வரிசையில் திருநங்கையரையும் சேர்த்துக்கொண்டது.

பலர் கண்ணில் படாமலே போன சிறு வரி அது. ஆயினும், இன்று உலகின் பல நாடுகளில் பெண்கள் இயக்கங்களை இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் ஒரு பெருங்கேள்வி அவ்வரிக்குள் அடங்கியிருக்கிறது. பெண்களுக்கென்று போராடிப் பெற்றவற்றில் திருநங்கையருக்கும் பங்கு உண்டா? பெண்களின் ஊர்வலத்தில், மாநாட்டில், கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கு இடம் உண்டா? இடம் அளித்தால் பெண்களின் முன்னுரிமை என்னாகும்? இடம் மறுத்தால் நீதி என்ற சொல்லை எந்த முகத்தோடு நாம் உச்சரிப்பது? கோபமும் கேலியும் நிறைந்த குரல்களுக்கிடையே இக்கேள்வியைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

பெண்களின் ஐயம்

முதலில், இவ்விணைப்பைக் குறித்து ஐயம் எழுப்பும் பெண்களின் குரலுக்குச் செவிசாய்ப்போம். அவர்களை மனம் குறுகியவர்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று.

பெண்கள் இன்று பெற்றிருக்கும் உரிமைகளில் எதுவும் தானாகக் கனிந்து மடியில் விழுந்ததன்று. மகளுக்கும் மகனுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழகம் திருத்தியது 1989ஆம் ஆண்டில்தான். அரசுப் பணிகளில் 30 விழுக்காடு பெண்களுக்கு என்ற ஏற்பாடும் அக்காலத்தில் வந்ததே. அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் வந்தது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது 1997இல். ஒவ்வொன்றின் பின்னாலும் தெருவில் நின்ற பெண்களின் கால்வலி இருக்கிறது.

மேலும், பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் பல அவள் உடலைப் பற்றியே வருகின்றன. சேலத்திலும் மதுரைப் பக்கத்திலும் கள்ளிப்பால் ஊற்றிக் கொல்லப்பட்ட சிசுக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்டதே! 'நீ உன்னை யாராக உணர்கிறாய்?' என்று அச்சிசுவை எவரும் கேட்கவில்லை. பிறந்த உடலைப் பார்த்தார்கள், கொன்றார்கள். மாதவிலக்கைத் தீட்டு என ஒதுக்குவதும், கருப்பையைக் குடும்பத்தின் உடைமையாகக் கருதுவதும், பிள்ளை பெறாதவளை மலடி என்று தூற்றுவதும் அவ்வாறே. பெண் என்ற சொல்லின் எல்லையை விரித்துக்கொண்டே போனால், இவ்வுடலுக்கு நேர்ந்த அநீதியை எந்தச் சொல்லால் சுட்டுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி அது.

காஞ்சிபுரத்துத் தறிவீடுகளுக்குள் நுழைந்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2019-20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காம் தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று கூறுகிறது. ஆயினும் 'நெசவாளர்' என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் ஆணே. தார் சுற்றுவதும், பாவு இழைகளைப் பிணைப்பதும், அறுந்த இழையை முடிவதும், இடையிடையே உலை வைப்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதுமாகக் கழியும் பெண்ணின் நாளுக்குத் தனிக்கூலி என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. புடவைக்குக் கிடைக்கும் கூலியில் அது கரைந்துபோகிறது. 'எங்கள் உழைப்புக்கே இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அதற்குள் எங்கள் பந்தியில் வேறொருவருக்கு இலை போடச் சொல்கிறீர்களே!' என்று அப்பெண் கேட்டால், அவள் நெஞ்சில் வெறுப்பு இருக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

திருநங்கையரின் மறுமொழி

இனி மறுபக்கம். திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2004இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இலும் வெளிவந்தன. அதுவரை அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள், திரைப்படங்கள் சிரித்தன. வீட்டைவிட்டு வெளியேறுதல், பள்ளி இடையில் நின்றுபோதல், கடைவீதியில் கையேந்துதல், காவல் நிலையத்தில் அவமானம் என்று ஒரே தடத்தில் போகும் பல வாழ்வுகளை நாம் அறிந்தது அவர்கள் பேசத் தொடங்கிய பின்னரே. 2008 ஏப்ரல் 15இல் தமிழகம் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்வது அவர்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வேறு, தெரு வேறு. சட்டத்திற்குள்ளேயே கூட ஓர் ஓரவஞ்சனை நிற்கிறது. பெண் ஒருத்தியை வன்புணர்ந்தவனுக்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. ஆனால் 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், திருநர் மீது நடத்தப்படும் பாலியல் வன்முறைக்கு விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை மட்டுமே. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் வன்புணர்வுக் குற்றத்திற்கு ஆளானவராகப் பெண் மட்டுமே குறிக்கப்பட்டாள். ஒரே இரவில், ஒரே தெருவில், ஒரே கயவனால் இருவர் சிதைக்கப்பட்டால், ஒருவரின் கண்ணீருக்குப் பத்து ஆண்டு, மற்றவரின் கண்ணீருக்கு ஆறு மாதம்! இதைத் தாங்கள் எந்த மன்றத்தில் முறையிடுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆண்களின் வன்முறையைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பேசிவரும் பெண்கள் இயக்கத்தைவிட இதைப் புரிந்துகொள்ளக்கூடிய மன்றம் வேறு எது?

அவர்கள் சொல்லும் இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. பெண்ணாகப் பிறந்தவளை இந்தச் சமூகம் தாழ்த்துகிறது. ஆணாகப் பிறந்தும் பெண்மையைத் தேர்ந்துகொண்டவரை அதனினும் தாழ்த்துகிறது. பெண்மையே இழிவு என்ற எண்ணம் இவ்விரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. உயர்ந்த இடத்திலிருந்து விரும்பித் தாழ்ந்த இடத்துக்கு வந்தவர் என்றல்லவா திருநங்கையைப் பார்த்து ஆண்கள் நகைக்கிறார்கள்? அந்த நகைப்பு பெண்ணையும் சுடுகிறது.

நம் மொழியின் மூத்த இலக்கணமாகிய தொல்காப்பியம் இதைப் பற்றி ஒரு குறிப்புத் தருகிறது. பேடியைக் குறிக்கும் பெயர் உயர்திணையைச் சேர்ந்தது என்று அது விதிக்கிறது, அஃறிணைக்குத் தள்ளவில்லை. ஆனால் அப்பெயருக்கென்று தனி ஈறு இல்லை. உயர்திணைப் பால்களுக்கு உரிய ஈற்றையே அது ஏற்று வரும் என்றும் கூறுகிறது. மனிதர் என்பதில் ஐயமில்லை. தமக்கென்று தனியிடந்தான் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் பேருந்தில், மருத்துவமனையில், விண்ணப்பப் படிவத்தில் திருநங்கையர் நிற்கும் நிலை இதுவே அன்றோ?

'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்

முன்னுரிமை என்று பேசும்போது 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசைப்படுத்துகிறோம். அந்தப் 'பிறகு' என்ற சொல்லின் வரலாற்றைப் பெண்களே நன்கு அறிவார்கள். முதலில் நாட்டு விடுதலை, பிறகு பெண் விடுதலை என்றார்கள். முதலில் கூலி உயர்வு, பிறகு பெண்ணுக்குச் சமகூலி என்றார்கள். அந்தப் 'பிறகு' பல தலைமுறைகளுக்கு வந்து சேரவேயில்லை.

அதே சொல்லைப் பெண்கள் இயக்கமும் வேறு சிலரிடம் சொல்லியிருக்கிறது. தலித் பெண்கள் தம் துயரம் சாதியும் பாலினமும் ஒருசேர இழைப்பது என்று சொன்னபோது, சாதியைப் பேசினால் பெண்களின் ஒற்றுமை குலையும் என்ற மறுமொழியே பல மேடைகளில் கிடைத்தது. 1995இல் ரூத் மனோரமா முதலியோர் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைத் தனியே உருவாக்கியதற்கு இந்த மறுமொழியும் ஒரு காரணம். ஆனால் தலித் பெண்கள் பேசியதால் இயக்கம் அழிந்துவிடவில்லை. 'பெண்' என்ற சொல்லுக்குள் யாருடைய முகங்கள் இருந்தன, யாருடைய முகங்கள் இல்லை என்பதை அது கற்றுக்கொண்டது. 1980இல் பம்பாயில் தொடங்கிய தன்னாட்சிப் பெண்கள் அமைப்புகளின் தேசிய மாநாடுகளும் இவ்வாறே வளர்ந்தன. 2006இல் கொல்கத்தாவில் கூடிய மாநாட்டில் திருநங்கையரும் பங்கேற்றனர். விவாதமின்றி அது நிகழவில்லை. விவாதத்தின் வழியாகவே நிகழ்ந்தது.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முன்னுரிமை கொள்வதெல்லாம் ஒதுக்கிவைத்தல் ஆகாது. நெசவாளர் சங்கம் மீனவர் கோரிக்கையைத் தன் பட்டியலில் முதலில் வைக்கவில்லை என்பதற்காக அதை யாரும் குறை கூறுவதில்லை. மகப்பேற்று இறப்பைக் குறைப்பதற்காகப் போராடும் குழு அதில் மட்டுமே முனைந்து நின்றால் அது குற்றமன்று. தன் வேலையைச் செய்வது வேறு; வாயிலில் நின்று பிறரை விரட்டுவதைத் தன் வேலையாக்கிக்கொள்வது வேறு.

2013 கற்றுத்தந்த பாடம்

இருவர் நலமும் மோதுவதுபோல் தோன்றி, பின் மோதவில்லை என்று தெளிவான ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், நீதிபதி வர்மா தலைமையில் அமைந்த குழு 2013 ஜனவரியில் தன் அறிக்கையை அளித்தது. வன்புணர்வுக்கு ஆளானவர் எப்பாலினத்தவராகவும் இருக்கலாம், குற்றம் சாட்டப்படுபவர் ஆணாக இருப்பார் என்பது அதன் பரிந்துரை. திருநங்கையருக்கும் அதனால் பாதுகாப்புக் கிட்டியிருக்கும். ஆனால் 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம் இரு பக்கத்தையும் பாலினப் பொதுவாக்கிவிட்டது. அதாவது பெண் மீதும் வன்புணர்வுப் புகார் தொடுக்கலாம் என்றாயிற்று. பெண்கள் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. புகார் கொடுத்த பெண்ணை மிரட்ட அவள் மீதே எதிர்ப்புகார் தொடுக்கப்படும் என்ற அச்சம் அவர்களுடையது. நம் ஊர்க் காவல் நிலையங்களை அறிந்தவர் எவரும் அந்த அச்சத்தை வீண் என்று சொல்லார். இறுதியில் 2013 மார்ச்சில் நிறைவேறிய சட்டம் பழைய வடிவத்துக்கே திரும்பிற்று. குற்றவாளி ஆண், ஆளானவர் பெண். பெண்களின் அச்சம் நீங்கியது; திருநங்கையரின் பாதுகாப்பும் அத்தோடு கைநழுவிப் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? வர்மா குழுவின் வடிவத்தில் இருவருக்கும் இடம் இருந்தது. பெண்கள் அஞ்சியது குற்றம் சாட்டப்படுபவரின் பக்கத்தைப் பொதுவாக்கியதை. திருநங்கையர் வேண்டியது ஆளானவரின் பக்கத்தைப் பொதுவாக்குவதை. இரண்டும் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்திருந்தால் ஒருவர் பெறுவதற்காக மற்றவர் இழக்க வேண்டியிருந்திராது. 'எல்லாருக்கும் பொது' என்று ஒரே வீச்சில் சொல்வதும் தவறு. 'பெண்ணுக்கு மட்டும்' என்று ஒரே வீச்சில் மூடுவதும் தவறு. எந்த இடத்தில், எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

உரிமை பிறந்த காரணம்

ஆகவே நாம் முன்வைக்கும் அளவுகோல் இதுதான். ஓர் உரிமை யாருக்கு உரியது என்று தெரிய வேண்டுமானால், அது எதற்காகப் பிறந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

காஞ்சியில் தொடங்கிய மகளிர் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடவில்லை. 'உரிமைத் தொகை' என்றே பெயரிட்டார்கள். வீட்டுக்குள் கூலியின்றிச் செய்யப்படும் உழைப்புக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பு அது என்பதே கூறப்பட்ட காரணம். அப்படியானால் அவ்வுரிமை உழைப்பிலிருந்து பிறக்கிறது. பெற்றோரால் கைவிடப்பட்ட இளையவர்களைத் தாயாக, மகளாக, குருவாக, சேலாவாக உறவுமுறை சொல்லி ஒரே கூரையின்கீழ் பேணும் திருநங்கை ஒருவர் சமைக்கிறார், நோயுற்றவரைப் பார்த்துக்கொள்கிறார், வீட்டை நடத்துகிறார். காரணம் அவரிடமும் இருக்கிறது. ஆகவே உரிமையும் இருக்கிறது. விதிமுறையின் அந்தச் சிறு வரி சலுகையன்று, நீதி.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சில வாரங்களில் அது திருநங்கையருக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டைவிட்டு வெளியே வந்து வேலைக்குச் செல்லக் கட்டணம் தடையாகக்கூடாது என்பதே அதன் காரணம். அதுவும் இருவருக்கும் பொருந்தும். ஒருவர் ஏறியதால் மற்றவர் பயணச்சீட்டு வாங்க வேண்டிய நிலை வரவில்லை. பகிர்ந்தாலும் குறையாத நன்மை அது.

குறையும் நன்மைகளும் உண்டு. அங்கேதான் உண்மையான சிக்கல். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில், தம்மைப் பெண்ணாக அடையாளப்படுத்தும் திருநங்கையர் பெண்களுக்கான 30 விழுக்காட்டிலும் கருதப்படுவர் என்ற விதி இடம்பெற்று வந்துள்ளது. பணியிடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. ஒருவர் அமர்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும். இங்கே காரணத்தைக் கேட்டுப் பார்ப்போம். பெண்ணை அலுவலகத்திலிருந்து விலக்கி வைத்த தடைகள் ஒரு வகை. திருநங்கையைப் பள்ளிவாசலிலேயே தடுத்து நிறுத்திய தடைகள் வேறு வகை. ஈடும் வேறாக இருப்பதே முறை. கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காட்டைத் திருநருக்கெனக் கிடைமட்டமாக ஒதுக்கியது. திருநரை ஒரு சாதிப் பிரிவுபோல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அடைத்த 2015ஆம் ஆண்டு அரசாணையை 2024 ஜூனில் ஏற்க மறுத்த சென்னை உயர் நீதிமன்றமும் இவ்வழியையே சுட்டிற்று. பெண்களின் இலையிலிருந்து எடுத்துத் திருநங்கையின் இலையில் வைப்பதைவிடத் தனி இலை போடுவதே நேர்மை. அது தாழ்வான இலையாக இருத்தல் கூடாது என்பதும் அந்நேர்மையின் பகுதி.

காப்பகங்களும் இவ்வாறே. அடித்துத் துரத்தப்பட்டு நள்ளிரவில் வந்து சேர்ந்த பெண்ணின் அச்சத்தை எந்தக் கோட்பாட்டாலும் அதட்டி அடக்க முடியாது. அவள் ஆறுதலடையக் காலம் வேண்டும், தனிமை வேண்டும். அதே இரவில் துரத்தப்பட்ட திருநங்கையைத் தெருவில் விடவும் முடியாது. மத்திய அரசு 2020 முதல் திருநருக்கெனத் தொடங்கிய 'கரிமா கிருஹ' இல்லங்கள் போன்றவை மாவட்டந்தோறும் பெருக வேண்டியது இதனால்தான். இல்லங்கள் இல்லாதவரை, 'பெண்கள் காப்பகத்தில் இடமில்லை' என்று மட்டும் சொல்லிக் கதவடைப்பது விவாதத்தில் வென்றதாகாது; ஓர் உயிரைக் கைவிட்டதாகவே முடியும்.

உடலைச் சார்ந்தவற்றில் உடலே அளவு. மகப்பேறு, கருப்பை நோய், மாதவிலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது பெண்ணுடலைப் பெயர் சொல்லியே பேச வேண்டும்; அதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. அவ்வுடலோடு பிறந்து ஆணாக வாழும் திருநம்பியர், 'மகளிர் நலம்' என்ற பலகைக்குக் கீழே வரிசையில் நிற்கத் தயங்கித் தம் நோயை மறைக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

வாயில்காவலின் விலை

'பெண் யார் என்பதைக் கண்டிப்பாகச் சோதித்து விட்டால் சிக்கல் தீர்ந்தது' என்பார் சிலர். அச்சோதனைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள். 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றின் பெயரால் அவர் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர். பெண்களின் களத்தைக் காப்பதற்காக வைக்கப்பட்ட காவல், ஓர் ஏழைத் தலித் பெண்ணையே வெளியே தள்ளிற்று. விளையாட்டில் நியாயமான போட்டிக்கு விதிகள் வேண்டியதுதான். ஆயினும் 'இவள் பெண்தானா?' என்ற சந்தேகக் கண், உயரமான பெண்ணையும், தடித்த குரலுள்ள பெண்ணையும், தலைமுடி குட்டையான பெண்ணையும்தான் முதலில் பிடித்து நிறுத்தும்.

பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16இல் அந்நாட்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பு உடலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. திருநருக்கு அச்சட்டத்தின் வேறு பிரிவில் பாதுகாப்பு நீடிக்கிறது என்றும் அதே தீர்ப்பில் கூறியது. ஒரு சாரார் கொண்டாடினர், மறுசாரார் கலங்கினர். அந்தச் சண்டையை அப்படியே நம் மண்ணில் இறக்குமதி செய்வது பொருந்தாது. அங்கே பெரும்பாலும் சட்டத்தின் ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு. இங்கே நம்முன் நிற்பது அரிசியும் கூரையும் பற்றிய வழக்கு. அங்கிருந்து வரும் கோபத்தை இரவல் வாங்காமல், இங்கே பசித்திருப்பவர் யார் என்று பார்த்தாலே பாதி சிக்கல் தெளியும்.

விசுவாசத்தின் ஒளியில்

கடவுள் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்பது திருச்சபையின் போதனை. 2024 ஏப்ரலில் வெளியான 'எல்லையற்ற மாண்பு' என்னும் திருச்சபை ஏடு, பாலினத்தை உடலிலிருந்து முற்றிலும் பிரிக்கும் கோட்பாட்டை ஏற்க மறுத்தது. அதே ஏடு பெண்களுக்கெதிரான வன்முறையைக் கடுமையாகக் கண்டித்தது. எந்த மனிதரும் எச்சூழ்நிலையிலும் மாண்பை இழப்பதில்லை என்பதையே தன் அடித்தளமாகவும் வைத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 நவம்பரில், திருநர் உரிய நிபந்தனைகளோடு திருமுழுக்குப் பெறலாம் என்ற விளக்கமும் உரோமையிலிருந்து வந்தது. கோட்பாட்டை மறுப்பது வேறு, மனிதரை மறுப்பது வேறு என்பதை இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவர் உணர்வர்.

இணைச் சட்டம் அண்ணகரை ஆண்டவரின் சபைக்கு வெளியே நிறுத்தியது. எசாயாவின் 56ஆம் அதிகாரமோ அவர்களுக்குப் புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரை வாக்களிக்கிறது. திருத்தூதர் பணிகளின் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர் தேரை நிறுத்தித் திருமுழுக்குக் கேட்கிறார். பிலிப்பு தயங்காமல் தண்ணீரில் இறங்குகிறார். அக்கால அண்ணகரும் இக்காலத் திருநங்கையரும் ஒருவரே என்று நாம் சொல்லவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவரை அழைக்கும் திசையில் இறைவார்த்தை நகர்கிறது என்று மட்டுமே சொல்கிறோம்.

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையும் நினைவுக்கு வருகிறது. காலை முதல் வெயிலில் வாடியவர்கள், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் அதே ஒரு தெனாரியமா என்று முணுமுணுத்தார்கள். பெண்கள் இயக்கத்தின் மூத்தோரிடம் இவ்வுவமையைக் காட்டி 'நீங்களும் முணுமுணுக்கிறீர்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உவமையை முழுமையாக வாசிக்க வேண்டும். அந்தத் தோட்டக்காரர் காலையில் வந்தவரின் கூலியைக் குறைத்துக் கடைசியில் வந்தவருக்குக் கொடுக்கவில்லை. தம் பணப்பையிலிருந்தே எல்லாருக்கும் முழுமையாகக் கொடுத்தார். நம் அரசும் சமூகமும் தம் பணப்பையைத் திறக்காமல், பெண்களின் கூலியைப் பிட்டுத் திருநங்கைக்குக் கொடுத்துவிட்டு அதற்குத் தாராளம் என்று பெயரிட்டால், அப்போது எழும் முணுமுணுப்பு நியாயமானதே. அது திருநங்கையை நோக்கிப் பாயாமல் பணப்பை வைத்திருப்பவரை நோக்கிப் பாய வேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள்.

சேர்ந்து நிற்கும் வழி

காஞ்சிபுரத்தில் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோவிலில், ஆணும் பெண்ணும் பாதிப்பாதியான அர்த்தநாரியின் சிற்பம் உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அதை வணங்கிய ஊர்களின் கடைவீதியிலேயே திருநங்கையர் கல்லெறியும் கேலியும் பெற்றார்கள். கல்லில் செதுக்கியதை மதிப்பது மனிதரை மதிக்கக் கற்பிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சிலுவையில் அறையப்பட்டவரை வணங்கும் நமக்கும் இது பொருந்தும்.

அதே ஊரின் தறியில் கோர்வை என்றொரு முறை இருக்கிறது. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். பழைய முறையில் இருவர் சேர்ந்து நெய்ய வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆனால் ஒரு நிறம் மற்றதில் கலந்து மங்காது. துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர் பெருமையாகச் சொல்வது அந்தக் கவ்வலைப் பற்றித்தான். பெண்களின் போராட்டமும் திருநங்கையரின் போராட்டமும் இவ்வாறு இணைவதை நாம் விரும்புகிறோம். பெண் தன் உடலின் வரலாற்றைத் தன் சொல்லிலேயே பேசட்டும். திருநங்கை தம் வரலாற்றைத் தம் சொல்லில் பேசட்டும். ஒன்று மற்றதை விழுங்க வேண்டியதில்லை. வன்முறை, வேலைமறுப்பு, காவல் நிலைய அவமானம் என்று இருவரையும் ஒன்றாகத் தாக்குபவை வரும்போது, இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மகளிர் தின ஊர்வலத்தில் அவர்கள் நடந்து வந்தால் நாம் நகர்ந்து இடம் விடுவது. பாலியல் வன்முறைச் சட்டத்தில் அவர்களுக்குரிய தண்டனை வேறுபாட்டை நீக்கக் கோரும் மனுவில் பெண்கள் அமைப்புகளும் கையொப்பமிடுவது. பெண்களுக்கான இடங்கள் குறையாமல் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்பது. தார் சுற்றும் பெண்ணுக்குத் தனிக்கூலி கேட்கும் கூட்டத்தில் திருநங்கையரும் வந்து அமர்வது. நம் பங்குகளில் மரியன்னை சபையினர் வீடு சந்திக்கும்போது, ஊர்க்கோடியில் சேர்ந்து வாழும் அந்த வீட்டுக் கதவையும் தட்டுவது. இவற்றில் எதற்கும் நம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெண்கள் தம் முன்னுரிமையை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

பந்தியில் இலை குறைவாக இருக்கும்போது பக்கத்தில் அமர்ந்தவரைப் பகைவராகப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் இலையைக் குறைத்துப் போட்டவர் பக்கத்தில் அமர்ந்தவரல்லர். அவர் பரிமாறும் இடத்தில் நிற்கிறார். இருவரும் சேர்ந்து அவரைப் பார்த்துக் கேட்கட்டும்.